ஆட்டு வாடையில் ஒளிந்திருந்த அன்னாசி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், செல்லங்களே. பின்னால் நிற்பவர்களுக்கும் இடம் விடுங்கள். பழமே இல்லாத ஓர் அறையில் அன்னாசிப் பழம் மணத்த கதையைச் சொல்கிறேன். ஆடே இல்லாத இடத்தில் ஆட்டு வாடை அடிப்பதும் இதில் உண்டு. துவைக்காத ஒரு ஜோடிக் காலுறைக்கும் இதில் வேலை இருக்கிறது. கேட்டு முடிக்கும்போது பசித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் மலையூர் லெம்பாங்கில், பால்மாடுகள் கட்டியிருக்கும் சரிவுக்கு மேலே, தகரக் கூரை போட்ட மணப்பொருள் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அதன் வாசலுக்கு எதிரேதான் என் சோற்றுக்கடை. உள்ளே நடப்பதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னமே என் கடைக்கு வந்துவிடும். அப்படி வராததைப் பிற்பாடு கோகோமே வந்து சொன்னாள்.

கோகோம் அங்கே கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிறவள். பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த வருஷம்தான் அவள் பெயர் நிரந்தரப் பணிக்கான பட்டியலில் ஏறியிருந்தது. வருஷக் கடைசியில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ரெஸ்மி அங்கே பூஞ்சை வளர்க்கிறவள். முப்பது வயது இருக்கும். எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு "ஏன்" இருக்கும். என் கடையில் மீன் கருகினால்கூட, "எந்தப் பக்கம் முதல்ல கருகுச்சு, இபு?" என்று வாணலிக்குள் எட்டிப் பார்ப்பாள். 'இபு' என்றால் அம்மா. கோகோமை அவள் 'தேதே' என்பாள், அக்கா என்கிற மாதிரி. கோகோம் அவளை 'நெங்' என்பாள். வயதில் சின்னவள், படிப்பில் பெரியவள், அதற்கு எங்கள் பக்கம் அந்த ஒரு சொல் போதும். ஆண்களில் மாமா முறை என்றால் 'மாங்', ஐயா என்றால் 'பாக்'.

ஒன்சோம் தின்றிருப்பீர்கள். டோஃபு பிழிந்த சக்கையில் ஆரஞ்சு நிறப் பூஞ்சையைப் படரவிட்டுக் கட்டியாக்குவார்களே, மிளகாயும் வெங்காயமும் போட்டு வதக்கினால் சோறு தானாக இறங்குமே, அதுதான். நல்ல ஒன்சோமைப் பச்சையாக மோந்து பார்த்தால் அடியில் எங்கேயோ ஒரு பழ வாசனை இருக்கும். ஆயிரம் பேர் மோந்திருப்போம். வதக்கித் தின்றுவிட்டு மறந்திருப்போம். ரெஸ்மி மறக்கவில்லை. இந்தப் பூஞ்சைக்குப் பழ வாசனை செய்யத் தெரியும் என்றால், அதையே முழுநேர வேலையாகச் செய்யச் சொன்னால் என்ன என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்கு ஒரு வாய்ப்பும் அமைந்தது. சர்பத் செய்யும் கம்பெனி ஒன்று, அன்னாசி மணம் வேண்டும், மருந்து கலந்து செய்ததாக இருக்கக் கூடாது, உயிருள்ள ஏதோ ஒன்று செய்ததாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தது. சுபாங் ஊர் அன்னாசியைக் காய்ச்சினால் இனிப்பு நிற்கிறது, மணம் ஆவியோடு போய்விடுகிறது. நோன்பு மாதம் வந்தால் வீட்டுக்கு வீடு சர்பத். அதற்குள் வேண்டுமாம்.

ஒரு வருஷம் ரெஸ்மி பூஞ்சையோடு மன்றாடினாள். டோஃபுச் சக்கையைத் தட்டுகளில் பரப்பி, பூஞ்சையைத் தூவி, முப்பது டிகிரி வெதுவெதுப்பில் வைக்கிற சூட்டு அலமாரிக்குள் அடுக்குவாள். பூஞ்சை ஆரஞ்சுப் பொடியாகப் பூத்துத் தள்ளும். மாடிப்படியில் ஆரஞ்சு, கதவுப்பிடியில் ஆரஞ்சு, காவல்கார மாங் ஓயோவின் வெள்ளைச் சட்டைக் காலரில் ஆரஞ்சு. மணம் மட்டும் வராது.

பிறகு, மழைக்காலத்து நடுவில், ஒரு திங்கட்கிழமை வந்தது.

ரெஸ்மி வியாழக்கிழமையே தட்டுகளை அடுக்கிவிட்டுத் தாசிக்மலாயாவுக்குத் தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை காலையில் வந்து அலமாரியைத் திறந்தவள், கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றாள். யாரோ இந்த நிமிஷம் உள்ளே உட்கார்ந்து சுபாங் அன்னாசியை அரிகிறார்கள் போல அவ்வளவு மணம்.

"தேதே! தேதே கோகோம்! ஓடி வாங்க, உங்க மூக்கைக் குடுங்க!"

கோகோம் சோப்பு நுரை வழியும் கையோடு வந்து மோந்தாள். "அன்னாசிதான், நெங்," என்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டாள்.

ஏன் திருப்பிக்கொண்டாள் என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒளிப்பதற்கு எனக்கு என்ன இருக்கிறது?

அதற்கு முந்தின நாள்தான் கோகோமின் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பூர்வகார்த்தாக்காரர்கள். அந்த ஊர்க்காரர்கள் பெயூமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மரவள்ளிக் கிழங்கை அவித்து ஆறவைத்து, நொதிப்பு வில்லையைப் பொடித்துத் தூவி, வாழையிலையில் பொதிந்து வைத்தால், மூன்றாம் நாள் கிழங்கு நெகிழ்ந்து, தேன் கசிந்து, தொண்டையில் லேசாக ஒரு சாராயச் சூடு காட்டும். அதுதான் பெயூம். அதைச் சரியாக வைக்கத் தெரியாத வீட்டிலிருந்து பெண் எடுக்கலாமா என்று யோசிக்கிற ஆட்கள் அவர்கள். அந்த வாரம் பார்த்து லெம்பாங்கில் மழையும் குளிரும். அடுப்பு மேடையில் வைத்த முதல் கூடை கல்லாகவே கிடந்தது.

கோகோமின் கண்ணெதிரே ராவும் பகலும் வெதுவெதுப்பாக ஓர் அலமாரி. அதன் கதவில் சிவப்பு எழுத்து: உணவுப் பொருள் வைக்கக் கூடாது. பார்க்க ரெஸ்மியும் ஊரில் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கோகோம் இரண்டாவது கூடையைக் கீழ்த்தட்டில் வைத்தாள். வாசனை கசிந்து மாங் ஓயோவைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று கதவிடுக்கு முழுக்கத் துணியை மடித்துத் திணித்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். சம்பந்திகள் இலையை நக்காத குறையாகத் தின்றார்கள். நிச்சயம் முடிந்தது.

திங்கட்கிழமை அன்னாசி மணத்தபோது அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அதற்கடியில் பெயூம் வாசனை யாருக்காவது தெரிகிறதா என்பதுதான். யாருக்கும் தெரியவில்லை. சந்தோஷத்தில் யார் மூக்கு வேலை செய்யும்?

ஆய்வுக்கூடத்துத் தலைவர் பாக் எங்கோஸ் அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அவர் கடிதம் எழுதுவதில் பிரியம் உள்ளவர். கழிவறைக் குழாய் ஒழுகினால்கூட மூன்று பிரதி. நோன்பு மாதத்துக்கு இரண்டு வாரம் முன்னால், இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, நேரில் வந்து முகர்ந்து பார்க்கவும் என்று எழுதிவிட்டார்.

ரெஸ்மி அடுத்த தட்டுகளை வைத்தாள். மூன்று நாள் கழித்துத் திறந்தாள். ஆட்டு வாடை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழையில் நனைந்த கிடாய் பக்கத்தில் வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. முதலில் லேசாக. அடுத்த முறை இன்னும் தெளிவாக. பத்து முறை, பதினைந்து முறை, இருபத்திரண்டு முறை வைத்தாள். தினம் முப்பது கிராம்புச் சிகரெட் புகைத்து மூக்கையே கருவாடாக்கி வைத்திருந்த மாங் ஓயோகூட வாசலிலிருந்தே கேட்டார்.

"நெங், ஆட்டை எங்க கட்டி வெச்சிருக்கீங்க? பக்ரீத்துக்கு இன்னும் நாள் கிடக்கே?"

"கிண்டல் பண்ணாதீங்க, மாங். அழுதுடுவேன்."

"அழுதா மூக்கு அடைச்சுக்கும். ஒரு விதத்துல நல்லதுதான்."

பாக் எங்கோஸ் சிரிக்கவில்லை. "சொன்ன தேதியில மணம் வரலேன்னா இந்த வேலையை இத்தோட மூடிடுவோம். அலமாரியைக் காளான் பிரிவு கேட்டுக்கிட்டே இருக்காங்க. உன் ஒப்பந்தமும் அந்த மாசத்தோட முடியுது இல்ல?" என்றார். முடிகிறது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ரெஸ்மி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். அந்த நான்கு நாளில் என்னென்ன வேறாக இருந்தது என்று எழுதுவாள், ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பாள், பலிக்கவில்லை என்றால் அடிப்பாள். எந்த ஆலைச் சக்கை? அடித்தாள். மழைத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? அடித்தாள். 'நான் ஊரில் இல்லை' என்றுகூட ஒரு வரி இருந்தது. தட்டுகளை அடுக்கி, கதவை மூடி, நிஜமாகவே மூன்று நாள் வேலைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். வந்து திறந்தால் ஆடு. அதையும் அடித்தாள்.

கடைசியில் மனிதர்களிடம் வந்தாள். என் கடையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று சொன்னாள்.

"அன்னைக்கு அந்த அறையில யாரு என்ன பண்ணியிருந்தாலும் சொல்லுங்க. தப்பாவே இருக்கட்டும். யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு அது என்னன்னு தெரிஞ்சா போதும்."

கோகோம் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைந்த சோறு கூழாகிவிட்டது, வாய்க்குப் போகவில்லை. மாங் ஓயோதான் கையைத் தூக்கினார்.

"ஒண்ணு இருக்கு, நெங். யாரும் சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க, மாங்."

"அன்னைக்கு செம மழையில்ல? என் சாக்ஸ் நனைஞ்சு போச்சு. அந்த அலமாரி தலை சூடா இருக்கும். மேல காயப் போட்டேன். ரெண்டு நாள்."

கடையே சிரித்தது. ரெஸ்மி சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தாள்.

"துவைச்சதா, துவைக்காததா?"

"அது... துவைக்காதது."

"அதே மாதிரி துவைக்காத சாக்ஸ் இப்ப இருக்கா?"

"இருக்கறதெல்லாமே அந்த மாதிரிதான், நெங்."

மறுநாள் சூட்டு அலமாரி மேல் மாங் ஓயோவின் காலுறைகள் இரண்டும் கம்பியில் தொங்கின. கீழே சீட்டு ஒட்டியிருந்தது: சோதனை இருபத்துமூன்று. பாக் எங்கோஸ் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன இது?"

"சோதனைப் பொருள், பாக்."

"ஆராய்ச்சி நடக்குதா, சலவைக்கடை நடக்குதா?"

மூன்று நாள் கழித்து ரெஸ்மி கதவைத் திறந்தாள். ஆடு. இந்த முறை காலுறை போட்ட ஆடு. அவள் அதையும் குறித்துக்கொண்டாள். பிறகு முக்காலி மேல் ஏறி, காலுறையைக் கிள்ளி எடுத்து, கண்ணை மூடி, முகத்தருகே கொண்டுபோய் நிதானமாக மோந்தாள். இதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று அத்தனை நம்பிக்கையாக.

தொட்டியருகே நின்ற கோகோமுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. குடுவையைக் கீழே வைத்தாள்.

"நெங், அதைக் கீழ போடுங்க."

"இன்னும் ஒரு தடவை வெச்சுப் பார்க்கலாம், தேதே. அடுத்த தடவை உள்ளயே..."

"சாக்ஸ் இல்ல, நெங். பெயூம்."

ரெஸ்மி முக்காலி மேலேயே நின்றாள். கோகோம் நிச்சயதார்த்தத்திலிருந்து கதவிடுக்குத் துணி வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும் கண்ணீர் பொங்கிவிட்டது. "பாக் எங்கோஸுக்குத் தெரிஞ்சா பட்டியல்லேர்ந்து என் பேரை அடிச்சிருவாரு. பதினோரு வருஷம், நெங். அதான் வாயைத் திறக்கல. திட்டுங்க."

"எத்தனை கிலோ?"

"என்ன?"

"கிழங்கு எத்தனை கிலோ? எந்தத் தட்டுல வெச்சீங்க? இலை பொதிஞ்சா, பொதியாமலா?"

"முதல்ல திட்டுங்க, நெங்!"

"அப்புறமாத் திட்டறேன். எந்தத் தட்டு?"

"கீழ்த்தட்டு," என்று கோகோம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

ரெஸ்மி இறங்கி, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "ஆடு. ஆடு இத்தனை நாளா சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, எனக்குத்தான் கேட்கல," என்றாள். கோகோமுக்கு ஒன்றும் புரியவில்லை. ரெஸ்மி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துச் சொன்னாள்.

"சக்கையில கொஞ்சம் கொழுப்பு இருக்கு இல்லையா? பூஞ்சை அதை வெட்டித் தின்னுது. வெட்டறதுக்கு அதுகிட்ட நொதின்னு ஒண்ணு இருக்கு, கத்திரிக்கோல் மாதிரி வெச்சுக்கங்க. வெட்டின துண்டு சிலது புளிப்பா, ஆட்டு வாடை அடிக்கும். நெசமான ஆட்டு மேல அடிக்கறதும் அதே துண்டுதான். அந்தத் துண்டு தனியா இருக்கறவரைக்கும் ஆடு. அதோட சாராயம் போய்ச் சேர்ந்தா வேற பொருள் ஆயிடும். சேர்த்து வைக்கறதுக்கும் பூஞ்சைகிட்ட ஒரு நொதி இருக்கு. தரகர் மாதிரி. தரகர் இருக்காரு, மாப்பிள்ளை இருக்காரு. பொண்ணு இல்லாம இத்தனை நாள் கல்யாண மண்டபத்தைத் திறந்து திறந்து பார்த்திருக்கேன்."

"ஆட்டுக்கும் சாராயத்துக்கும் கல்யாணம் ஆனா அன்னாசி பொறக்குதா?"

"ஆமா, தேதே."

"எங்க சம்பந்திகிட்ட இதைச் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே கேட்டாள்: "அப்ப பாட்டில்ல இருக்கற சாராயத்தைக் கொஞ்சம் ஊத்தினா ஆச்சே?"

"நோன்பு திறக்கற சர்பத்துக்கு வாங்க வர்றவங்க. பாட்டிலைப் பார்த்தாலே எழுந்து போயிடுவாங்க. பெயூமுன்னா வீட்டுல சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் தின்னறதுதானே."

தேதிக்கு ஏழு நாள் இருந்தது. கோகோம் அன்று குளித்துத் தலைதுவட்டி, யாரோடும் வாய் பேசாமல், கிழங்கு அவித்துக் கூடை கட்டினாள். மேலே ஒரு சிவப்பு மிளகாயும் ஒரு கரித்துண்டும் வைத்தாள். அது எங்கள் வழக்கம். ரெஸ்மி, "மிளகாய் எதுக்கு?" என்றாள். "வைக்கணும்," என்றாள் கோகோம். ரெஸ்மி மிளகாயையும் எழுதிக்கொண்டாள். கூடைமேல் 'மாதிரி - தொடாதீர்' என்று சீட்டு ஒட்டி இருவருமாகக் கீழ்த்தட்டில் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை. கதவைத் திறந்தார்கள். இருவரும் மூக்கை நீட்டினார்கள்.

ஆடு.

அடியில் ஒரு நூலளவு பழ வாசனை இருந்ததோ, ஆசையில் அப்படித் தோன்றியதோ, தெரியவில்லை. ரெஸ்மி சுவரில் சாய்ந்து நின்றாள். கோகோமோ கூடையை வெளியே இழுத்து இலையைப் பிரித்தவள், அலறிவிட்டாள்.

"யாரு இதைத் திறந்தது? பாருங்க, தண்ணி விட்டுப் புளிச்சுப் போயிருக்கு! என் கையில இந்த மாதிரி பெயூம் வந்ததே இல்ல!"

"நான்தான், தேதே. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் திறந்து தட்டுலேர்ந்து கொஞ்சம் எடுத்து எழுதணுமே. எப்பவும் அப்படித்தானே? உங்க கூடையையும் ஒரு பார்வை பார்த்தேன்."

"ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரமா! பெயூம் வெச்சா எட்டிப் பார்க்கக் கூடாது, நெங்! சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"ஏன் கூடாது?"

"ஏன்னா கூடாது. கிழங்கு வெட்கப்பட்டுக்கும்."

இன்னொருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். ரெஸ்மி நோட்டை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினாள். அடித்துவிட்ட ஒரு வரியில் விரல் நின்றது. நான் ஊரில் இல்லை.

"இதை அடிச்சிருக்கேன், பாருங்க," என்றாள் மெல்ல. "அப்ப மூடி வெச்சேன், பெயூம் இல்ல. இப்ப பெயூம் வெச்சேன், மூடல. ரெண்டையும் சேர்த்து வைக்கவே இல்லையே. கிழங்குலேர்ந்து வர்ற சாராய ஆவி, நான் கதவைத் திறக்கறப்ப எல்லாம் வெளிய ஓடியிருக்கு. பொண்ணு மண்டபத்துக்குள்ள கால் வைக்கறதுக்குள்ள நான் கதவைத் திறந்து துரத்தியிருக்கேன்." பிறகு கோகோமைப் பார்த்தாள். "அன்னைக்கு அந்தத் துணி எங்க?"

"வீட்டுல. துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வாங்க."

மறுநாள் புது மிளகாய், புதுக் கரித்துண்டு, புதுக் கூடை. கதவிடுக்கில் பழைய துணி. இனி நேரம் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது. கம்பெனிக்காரர்கள் வருகிற காலையில்தான் கதவு திறக்கும். அதற்குள் மணம் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் வந்தவர்கள் முன்னாலேயே ஆடு வெளியே வரும்.

அந்த நாட்களில் ரெஸ்மியைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அலமாரியைச் சுற்றிச் சுற்றி வருவாள். கை தானாகப் பிடிக்குப் போகும். கோகோம் ஈரக்கையால் ஓர் அடி போடுவாள். கடைசியில் கோகோமே அவளை, பாண்டுங்கில் ஏதோ காகிதச் சுருள் வாங்க வேண்டும் என்று சொன்னீர்களே, போய் வாருங்கள் என்று பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பாக் எங்கோஸ் உள்ளே வந்தார். மறுநாள் ஆட்கள் வருகிறார்கள், அவருக்கும் தூக்கம் இல்லை. நேராக அலமாரிக்குப் போனார். கோகோம் குடுவையைப் போட்டுவிட்டு ஓடி, அவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

"திறக்கக் கூடாது, பாக்."

"நாளைக்கு அவங்க முன்னால அசிங்கப்படணுமா நான்? உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வேணாமா? நகரு."

"கூடாது, பாக்."

"யாரு சொன்னது? ரெஸ்மியா?"

"நான் சொல்றேன்."

பதினோரு வருஷத்தில் அவள் அவரிடம் 'சரி, பாக்' தவிர வேறு சொன்னதில்லை. அவர் கை அவள் தோளுக்கு மேலாக நீண்டு பிடியைப் பிடித்துவிட்டது. திருக வேண்டியதுதான் பாக்கி. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கதவு திறக்கும். கோகோம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உள்ள என் பெயூம் இருக்கு, பாக்!"

பிடியில் அவர் கை அப்படியே நின்றது.

பாக் எங்கோஸ் எந்த ஊர்க்காரர் என்று நான் சொல்ல விட்டுவிட்டேன். சிமாஹி. சாலையோரமெல்லாம் பெயூமைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற ஊர். அவருடைய அம்மா பெயூம் வைத்துத்தான் அவரைப் படிக்க வைத்தாள். சிறு வயதில் மூடிவைத்த கூடையைத் தொட்டதற்கு அகப்பைக் காம்பால் எத்தனை அடி வாங்கியிருப்பாரோ. சூடு பட்டது போல அவர் கை பிடியிலிருந்து தானாக விலகிவிட்டது.

"எப்ப வெச்சது?" என்று கேட்டார். குரலே இறங்கிப் போயிருந்தது.

"முந்தாநாள் காலையில, பாக்."

"அப்ப நாளைக்குத்தான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டடி தள்ளி நின்றார். அதன் பிறகுதான் தான் தலைவர் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார். "ஆனா இதுக்குக் கடிதம் உண்டு, கோகோம்."

"தெரியும், பாக்."

"மிளகாய் வெச்சியா?"

"வெச்சேன், பாக்."

மறுநாள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கடுகடுவென்று ஓர் அம்மாள், கையில் பெட்டியோடு ஓர் ஆள். கோகோம்தான் குனிந்து துணியை இடுக்கிலிருந்து உருவினாள். ரெஸ்மி பிடியைத் திருகினாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த மாங் ஓயோ வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு, "யாருடா அன்னாசி அரியறது?" என்று உள்ளே திரும்பிக் கத்தினார். அந்த மூக்குக்கே எட்டியது என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என் கடையில் வாணலியைக் கிளறிக்கொண்டிருந்த எனக்கும் ஒரு கணம் வந்தது. கடுகடு அம்மாள் அலமாரிக்குள் தலையையே விட்டுவிட்டாள். வெளியே எடுத்தபோது அவள் முகம் பள்ளிக்கூடப் பெண் முகம் போல இருந்தது.

"இதை எது செய்யுது?" என்று கேட்டாள்.

"ஒன்சோம் பூஞ்சையும் பெயூமும்," என்றாள் ரெஸ்மி. "அப்புறம் இவங்க."

ரெஸ்மியின் அலமாரி காளான் பிரிவுக்குப் போகவில்லை. ஒப்பந்தம் நீண்டது. கோகோமுக்குக் கடிதம் வந்தது. சொன்னால் சொன்னதுதான், பாக் எங்கோஸ் அதில் கறார். மூன்று பிரதி. 'குடுவை கழுவும் பணியாளர் கோகோம் இனி எக்காரணம் கொண்டும் எவ்வித உணவுப் பொருளையும் ஆய்வு அறைக்குள் எடுத்து வரக் கூடாது.' கோகோம் கையெழுத்திட்டு ஒரு பிரதியை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கடிதம் வாங்கியவர்களுக்கு அந்த வருஷம் நிரந்தரம் கிடையாது. பன்னிரண்டாவது வருஷமும் தற்காலிகம்தான். என் கடைக்கு வந்து கொஞ்சம் அழுதாள். அப்புறம் இரண்டு தட்டு சோறு தின்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பாக் எங்கோஸ் அவளைக் கூப்பிட்டார்.

"கம்பெனிக்கு அடுத்த தட்டு வைக்கணும். கூடை எப்ப வரும்?"

"வீட்டுல ரெடியா இருக்கு, பாக்."

"எடுத்துட்டு வா."

கோகோம் மடித்த காகிதத்தை எடுத்து, பிரித்து, மேசைமேல் நீவி வைத்தாள்.

"எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்கு, பாக். உங்க கையெழுத்து."

அவர் அந்தக் காகிதத்தைப் படித்தார். தான் எழுதிய வரியில் நுழைய ஓட்டை இருக்கிறதா என்று மறுபடி படித்தார். இல்லை. அவர் எழுதினால் ஓட்டை இருக்காது.

அன்று மத்தியானம் நான் என் கண்ணால் பார்த்தேன். லெம்பாங் சரிவில், இஸ்திரி போட்ட சட்டையோடு, வாழையிலை மூடிய கூடையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பாக் எங்கோஸ் ஏறி வந்தார். பின்னால் கோகோம் வெறுங்கையோடு. "மிளகாய் சாயுது, பாக், நேரா பிடிங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாங் ஓயோ எழுந்து சல்யூட் அடித்தார், கூடைக்கா அவருக்கா என்று தெரியவில்லை. வருஷம் முழுக்க அவர்தான் சுமந்தார். அடுத்த வருஷக் கடைசியில் கோகோமின் நிரந்தரக் காகிதத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். கை வலி தாங்காமல்தான் என்று மாங் ஓயோ இன்னமும் சொல்கிறார்.

மிளகாயை மட்டும் ரெஸ்மி விடவில்லை. வைத்தும் வைக்காமலும் பல முறை பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லையாம். கோகோமிடம் சொன்னாள். கோகோம் கேட்டுக்கொண்டாள். அடுத்த கூடையிலும் மிளகாய் இருந்தது.

போய் வாருங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டில் மூடிவைத்ததெல்லாம் இனித்துத் திறக்கட்டும். சொல்ல முடியாமல் யாராவது மனசுக்குள் அமுக்கி வைத்திருந்தால், அதைச் சொல்ல ஒரு நல்ல நேரமும், திட்டுவதற்கு முன்னால் 'எந்தத் தட்டு?' என்று கேட்கிற ஒரு மனுஷியும் அந்த வீட்டுக்கு வாய்க்கட்டும். உங்கள் அடுப்படி என்றைக்கும் மணக்கட்டும்.